நாற்பது பார், கடன்

புது வீட்டு ஹாலில் மகன் ஒரு காமிரா மாட்டிவிட்டுப் போனான்.
ஓசூரிலிருந்து பார்ப்பானாம்.
விழுந்தால் தெரியுமாம்.
அதன் பச்சை விளக்கு இரவெல்லாம் விழித்திருக்கிறது,
நான் தூங்கினாலும்.

முதல் வாரம் அதன் எதிரில்
புடவையைச் சரிசெய்துகொண்டே நடந்தேன்.
இரண்டாம் வாரம் துண்டைப் போட்டு மூடினேன்.
மூன்று நிமிஷத்தில் போன்.
"என்னம்மா ஆச்சு?"
ஒன்றும் ஆகவில்லை, அதுதான் ஆச்சு என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
நானும் முழுசாகப் புரிந்து சொன்னதில்லை.

அறுபத்தாறு.
ஃபாரத்தில் எழுதும்போது அது பெரிய எண்.
மாடிப்படியில் பன்னிரண்டாவது வந்ததும்
வலது முழங்கால் அதையே வேறு குரலில் சொல்லும்.
மற்ற நேரம் நான் அஞ்சலாட்சி,
அவ்வளவுதான்.

பேங்கில் ஒரு பெண்
"உங்க வயசே தெரியலையே ஆன்ட்டி" என்றாள்.
நல்ல பெண். பாராட்டுத்தான் அது.
தெரியட்டுமே என்று நினைத்துக்கொண்டே
கையெழுத்துப் போட்டேன்.
ஒளித்துவைக்க
இந்த வருஷங்களை நான் யாரிடமும் திருடவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் இருந்தவரை
நான் சுந்தரத்தின் வீட்டம்மா,
பிறகு சுந்தரம் போன வீட்டம்மா.
அந்த வீட்டை வாடகைக்கு விட்டேன்.
முதுநகரில் ஒரு மாடி பார்த்தேன்.
ஓ.டி. என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது.
வீட்டுக்கார மரைக்காயர் கேட்டார்,
"தனியாவா? ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா?"
"ராத்திரி நான் வீட்டுல இருக்க மாட்டேன் பாய்."
சாவியை நீட்டிய கை
அந்தரத்தில் கொஞ்சம் நின்றது.

துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் இரவுக் கணக்கு எனக்கு.
எத்தனை பார், எந்தப் போட்டுக்கு, ரொக்கமா, கடனா.
முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவுப் பண்டகசாலையில்
சர்க்கரையும் பாமாயிலும் எழுதிய கை.
ஐஸ் வேறு.
எழுதி முடிப்பதற்குள்
எழுதியதில் கொஞ்சம் உருகிவிடும்.

காமிரா வாசலைப் பார்க்கிறது என்பதால்
பின்பக்கப் படி வழியாகத்தான் போய்வந்தேன்.
சுவர் ஏறிக் குதிக்காத குறை.
பத்தாம் வகுப்பில்கூட
இப்படி நான் எங்கேயும் போனதில்லை.

முது என்றால் கிழடு என்று யார் சொன்னது?
பெரிய படிப்புக்கு முதுகலை என்கிறார்கள்.
ஊருக்கே முதுநகர் என்று பலகை.
முதியோர் என்றதும் மட்டும்
நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு
பேச்சை வேறு பக்கம் கொண்டுபோகிறார்கள்.
(உட்காரத்தான் செய்தேன்.
முழங்காலோடு எனக்கென்ன வழக்கு.)

கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்பவர் தேவநாதன்,
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்.
இரண்டரை மணிக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து
டீ ஊற்றுவார், மூடியில் எனக்கு, டம்ளரில் அவருக்கு.
இடது காது அவருக்கு மந்தம்.
அந்தப் பக்கம் உட்கார்ந்து
சில விஷயங்கள் நான் சொல்வதுண்டு.
அவரும் அந்தக் காதை
என் பக்கம் வைத்தே உட்காருகிறார்.
இதற்குப் பெயர் வைக்க ஊரில் ஆள் உண்டு.
நாங்கள் வைக்கவில்லை.

நேற்று, கிளம்பும்முன்,
ஸ்டூல் மேல் ஏறி
(ஏறக்கூடாது, தெரியும்)
காமிராவை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
வாசல் வழியாக இறங்கி வந்தேன்.

நான்கு மணிக்குப் போன்.
அவனுக்கும் நைட் ஷிப்ட்.
"அம்மா, ஆறு தெரியுது.
போட்டு லைட்டெல்லாம் தெரியுது.
நீ எங்கம்மா?"
"வரிசையில் மூணாவது போட்டு, அதுக்குத்தான்
ஐஸ் ஏத்திட்டிருக்கோம். வலது ஓரம் பாரு."

ரொம்ப நேரம் அவன் பேசவில்லை.
அவன் பக்கம் ஏதோ மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
என் பக்கம் ஐஸ் நொறுங்கும் சத்தம்.
"கையை ஆட்டு" என்றான்.

ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா.
இருடா என்றேன்.
உப்பனாற்றில் மூன்றாவது போட்டு
கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தது,
நோட்டில் ஒரு வரி பாக்கி:
நாற்பது பார், கடன்.